டிமென்ஷியா பிரிவில் மாலை நேர அமளி: மருந்துக்கு முன்னால் என்னென்ன பார்க்கலாம்?

கேள்வி: சங்கப் பொறுப்பாளர், சாட்ஸ்வொர்த் (டர்பன், தென்னாப்பிரிக்கா)

வணக்கம். முதியோர் இல்ல வேலை தெரிந்தவர்கள் இங்கே பலர் இருப்பதால் கேட்கிறேன். எங்கள் இல்லத்தில் டிமென்ஷியா (முதுமை மறதி நோய்) உள்ளவர்களுக்கென்று 14 படுக்கை கொண்ட தனிப் பிரிவு இருக்கிறது. பெரும்பாலும் தமிழ், தெலுங்குக் குடும்பத்துப் பெரியவர்கள். பகலில் ஒரு நர்ஸ், மூன்று பராமரிப்பாளர்கள்; இரவில் இரண்டு பேர். ஷிஃப்ட் மாறுவது காலை 7, மாலை 7. குளியல் விடியற்காலை 5:30க்கு ஆரம்பித்து 8 மணிக்குள் முடியும். சாப்பாடு 8, 12, 4:30.

சிக்கல்கள் இவை. மாலை 4 மணி ஆனதும் நாலைந்து பேர் எழுந்து நடக்கிறார்கள், கதவைத் தட்டுகிறார்கள், "வீட்டுக்குப் போகணும்" என்று அழுகிறார்கள். குளியல் தினமும் சண்டை; அடி, கடி எல்லாம் உண்டு. மூன்று பேருக்கு எடை இறங்கிக்கொண்டே போகிறது. இதில் ஓர் ஆயா (அங்கே தங்கியிருக்கும் பாட்டி) இந்த வாரம் திடீரென்று மோசமாகிவிட்டார். பகலெல்லாம் அரைத்தூக்கம், ராத்திரி கூச்சல்.

மாலையில் எல்லாருக்கும் ஏதாவது அமைதிப்படுத்தும் மருந்து எழுதி வாங்கலாம் என்று கமிட்டியில் சிலர் சொல்கிறார்கள். அதற்கு முன் செய்யக்கூடியது என்ன? சட்டப்படி எதில் கவனமாக இருக்க வேண்டும்? இன்னொன்று: பராமரிப்பாளர்கள் எல்லாரும் ஜூலு பேசுபவர்கள். பெரியவர்களில் சிலர் இப்போது தமிழில் மட்டும்தான் பேசுகிறார்கள்.

---

பதில் 1: டோங்காட் நர்ஸ்

முதலில் அந்த ஆயா. மற்றதெல்லாம் நாளைக்குப் பேசலாம், அவரை இன்றைக்கே டாக்டர் பார்க்க வேண்டும்.

டிமென்ஷியா ஒரு வாரத்தில் இப்படிச் சரியாது. மணிக்கணக்கிலோ சில நாட்களிலோ ஆள் மாறிப்போனால் அது டெலிரியம் (உடல்நலக் கோளாறால் வரும் திடீர்க் குழப்பநிலை) என்று எடுத்துக்கொண்டு காரணத்தைத் தேடுங்கள். கூச்சல் போடுகிறவரை எல்லாரும் கவனிப்பார்கள். பகலில் தூங்கி வழிகிறவரை "பாவம், அமைதியாக இருக்கிறார்" என்று விட்டுவிடுவார்கள். அந்த அமைதியான வகைதான் அதிகம் தவறிப்போகிறது.

தேடும் வரிசை: காய்ச்சல், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன், ரத்த அழுத்தம், விரல் குத்தி சர்க்கரை. பிறகு கடைசியாக மலம் எப்போது போனது என்று பதிவேட்டில் பாருங்கள். மூன்று நாளைத் தாண்டியிருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம். அடிவயிற்றைத் தொட்டுப் பாருங்கள், சிறுநீர் தேங்கியிருக்கிறதா என்று. கடந்த இரண்டு வாரத்தில் புதிதாகச் சேர்த்த அல்லது நிறுத்திய மருந்து எது? விழுந்தாரா? தலையில் அடி பட்டதா? ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுக்கிறவர் என்றால் இந்தக் கேள்விக்கு அவசரம் இன்னும் கூடும்.

சிறுநீர்ப் பட்டைச் சோதனையில் ஏதோ காட்டியது என்று உடனே ஆன்டிபயாட்டிக் ஆரம்பிப்பது நம் இல்லங்களில் வழக்கமாகிவிட்டது. இந்த வயதில் நோய் இல்லாமலே சிறுநீரில் கிருமி இருப்பது சகஜம். காய்ச்சலோ, எரிச்சலோ, அடிக்கடி போவதோ இருந்தால்தான் அதற்கு அர்த்தம். இல்லாவிட்டால் உண்மையான காரணத்தைத் தேடுவதை நிறுத்திவிடுவோம்.

இரண்டாவது, வலி. சொல்லத் தெரியாதவரிடம் "வலிக்குதா?" என்று கேட்டால் "இல்லை" என்பார். பெய்னாட் என்ற அளவுகோலைப் பயன்படுத்துங்கள். மூச்சு, குரல், முகம், உடல் அசைவு, ஆறுதல் சொன்னால் அடங்குகிறாரா என்ற ஐந்து விஷயங்களுக்கும் 0 முதல் 2 வரை, மொத்தம் 10. ஆள் அசையும்போது போட வேண்டும், படுத்திருக்கும்போது அல்ல. படுத்தால் மூட்டு வலிக்காது. நார்வேயில் 18 இல்லங்களில் 352 பேரிடம் நடந்த ஆய்வு 2011ல் வெளிவந்தது. வலி மருந்தைப் படிப்படியாகக் கொடுத்ததிலேயே அமளி குறைந்தது, பெரும்பாலானவர்களுக்கு வெறும் பாரசிட்டமால்தான். டாக்டரிடம் இதைக் கேளுங்கள்: நேரம் தவறாமல் பாரசிட்டமால், உதாரணமாக 1 கிராம் வீதம் மூன்று வேளை, 50 கிலோவுக்குக் கீழே இருந்தாலோ கல்லீரல் கோளாறு இருந்தாலோ குறைத்து. "தேவைப்பட்டால்" என்று எழுதினால் அது கிடைக்காது, ஏனென்றால் அவர் கேட்கமாட்டார். கோடீன் கலந்த மாத்திரை வேண்டாம்: மலச்சிக்கல், அதன்மேல் குழப்பம்.

மூன்றாவது, மாலை 4 மணிக்குச் சர்க்கரை பாருங்கள். நம் ஜனங்களில் நீரிழிவு எவ்வளவு என்று சொல்ல வேண்டியதில்லை. பசி குறைந்து பாதிச் சாப்பாடு சாப்பிடுகிறவருக்கு இன்சுலினும் கிளிமெபிரைடு மாத்திரையும் பழைய அளவிலேயே போய்க்கொண்டிருந்தால் மாலையில் சர்க்கரை 4 mmol/L அளவுக்குக் கீழே இறங்கும். வியர்வை, நடுக்கம், கோபம். அதைச் "சாயங்கால நோய்" என்று எழுதிவைப்பார்கள். இந்த நிலையில் இருப்பவர்களுக்குக் கடுமையான சர்க்கரைக் கட்டுப்பாடு தேவையில்லை. மருந்தைக் குறைக்கச் சொல்லி டாக்டரிடம் கேட்கலாம்.

இப்போது அமைதிப்படுத்தும் மருந்து. டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு ஆன்டிசைக்காட்டிக் (மனநோய்க்கான மருந்து) கொடுத்தால் இறப்பு அபாயம் 1.6 முதல் 1.7 மடங்கு கூடுகிறது என்று அமெரிக்க மருந்துத் துறை 2005ல் கறுப்புக் கட்டம் போட்டு எச்சரித்தது. ஹாலோபெரிடால் போன்ற பழைய மருந்துகளையும் 2008ல் அதே எச்சரிக்கையில் சேர்த்தது. பக்கவாதம், விழுதல், நிமோனியா அபாயமும் இவற்றால் கூடும். லூயி பாடி வகை டிமென்ஷியாவாக இருந்தால் ஒரு சின்ன டோஸ் ஹாலோபெரிடாலே ஆளை மரக்கட்டை ஆக்கிவிடலாம், சாகடிக்கவும் கூடும். இல்லாத குழந்தைகளையும் பிராணிகளையும் தெளிவாகப் பார்ப்பது, ஒரு நாள் தெளிவு ஒரு நாள் மந்தம், கைகால் விறைப்பு, தூக்கத்தில் கத்தி உதைப்பது: இவை இருந்தால் அட்டையின் மேல் சிவப்பில் எழுதி வையுங்கள். வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடும் இவர்களுக்கு ஆகாது.

எல்லாருக்கும் பொதுவாக ஒரு மருந்து என்ற பேச்சே தவறு. தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கிற ஒருவருக்கு, மற்ற வழியெல்லாம் பார்த்த பிறகு, குறைந்த அளவில், நிறுத்தும் தேதியோடு, 6 வாரத்துக்குள் மறுபடி பார்த்து முடிவெடுப்பது என்றால் சரி. தூக்கத்துக்கென்று அமிட்ரிப்டிலின், சளிக்கென்று குளோர்ஃபெனிரமைன், சிறுநீருக்கென்று ஆக்ஸிபியூட்டினின், இவை ஒவ்வொன்றும் மூளையை இன்னும் மந்தமாக்கும். மூன்றும் ஒரே ஆளின் அட்டையில் இருப்பது அபூர்வம் இல்லை. மருந்துப் பட்டியலை முழுக்க ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். பல நேரம் ஒன்றைச் சேர்ப்பதைவிட இரண்டை எடுப்பதில்தான் பலன்.

மாத்திரையைப் பொடித்துக் கஞ்சியில் கலக்கும் பழக்கம் இருந்தால் மெதுவாகக் கரையும் வகைகளைத் தனியாகக் குறித்து வையுங்கள். அவற்றைப் பொடித்தால் நாள் முழுவதுக்குமான மருந்து ஒரே நேரத்தில் ஏறும்.

---

பதில் 2: வெருலம், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்

நர்ஸ் அக்கா சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது. சாப்பாடு 8, 12, 4:30. அப்படியென்றால் மாலை 4:30 முதல் மறுநாள் காலை 8 வரை பதினைந்தரை மணி நேரம் வயிறு காலி. குளியல் 5:30க்கு, அதாவது இரவு ஷிஃப்ட் போவதற்குள் முடிந்தவரை முடித்துவிட வேண்டும் என்பதற்காக. இருட்டில் எழுப்பி, அரைத்தூக்கத்தில், தெரியாத ஆள் துணியைக் களைந்தால் யாராக இருந்தாலும் அடிப்பார்கள். இதை நோயின் குணம் என்று எழுதாதீர்கள். இது இல்லத்தின் கால அட்டவணை செய்கிற வேலை.

மாற்ற வேண்டியது: குளியலை 9 மணிக்குப் பிறகு பரப்புங்கள். 14 பேரும் தினமும் முழுக்குளியல் போட வேண்டிய அவசியம் இல்லை. முகம், அக்குள், கீழ்ப்பகுதி தினமும். முழுக்குளியல் வாரம் இரண்டு அல்லது மூன்று. ஒரு நாளைக்கு ஐந்தாறு பேர்தான் வரும், அவசரம் இருக்காது. தலைக்கு ஊற்றுவதைத் தனி நாளாக வையுங்கள். எண்ணெய் தேய்த்துத் தலை முழுகும் வழக்கம் உள்ளவர்களுக்கு அவர்கள் வீட்டு வழக்கப்படியான கிழமை.

தலைக்குமேலிருந்து கொட்டும் ஷவர்தான் பாதிச் சண்டைக்குக் காரணம். இந்தத் தலைமுறை வாளியும் ஜக்குமாகக் குளித்தவர்கள். முதுகு சாயும் நாற்காலி, வாளியில் 38 முதல் 40 டிகிரி தண்ணீர், ஜக்கை அவர் கையிலேயே கொடுங்கள். பாதத்தில் தொடங்கி மேலே வாருங்கள், முகம் கடைசி. தோளிலும் மடியிலும் ஒரு பெரிய துண்டு எப்போதும் இருக்க வேண்டும். துண்டுக்கு மேலேயே தண்ணீர் ஊற்றி, அடியில் கையை விட்டுக் கழுவலாம். அறை முன்கூட்டியே சூடாக இருக்கட்டும். பெண்களுக்குப் பெண் பராமரிப்பாளர் என்பதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். தாலியை, கறுப்புக் கயிற்றைக் கேட்காமல் கழற்றக் கூடாது. இதைப் புதிதாக வேலைக்கு வருகிறவரிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

அப்படியும் முடியாதவருக்குத் துண்டுக் குளியல். கழுவி விடத் தேவையில்லாத சோப்பை இரண்டு லிட்டர் வெந்நீரில் கலந்து, ஆள் உயரத் துண்டை அதில் நனைத்துப் பிழிந்து, சூடு போகாமல் பிளாஸ்டிக் பையில் எடுத்து வாருங்கள். உங்கள் முன்கையில் வைத்துச் சூடு பார்த்த பிறகு, படுத்திருப்பவர் மேல் கழுத்திலிருந்து பாதம் வரை போர்த்தி, துணிக்கு மேலாகவே தேய்த்துவிடுங்கள். 15 நிமிடத்தில் முடியும். அமெரிக்காவில் 2004ல் வெளியான ஆய்வில் ஷவரோடு ஒப்பிட்டுப் பார்த்து, அமளியும் அசௌகரியமும் குறைந்ததைக் காட்டினார்கள்.

இனி மாலை 4 மணி. டர்பனில் ஜூன் மாதம் 5 மணிக்கெல்லாம் சூரியன் போய்விடும். 4 மணிக்கு வெளிச்சம் சரிந்து, ஜன்னல் கண்ணாடியில் சொந்த உருவமே தெரிய ஆரம்பிக்கும். அதை வேற்றாள் என்று பயப்படுவார்கள். 3:45க்கே திரையை இழுத்து, எல்லா விளக்கையும் போடுங்கள். பகலில் கூடத்தில் வெளிச்சம் உண்மையிலேயே பலமாக இருக்க வேண்டும். நெதர்லாந்தில் 12 இல்லங்களில் நடந்து 2008ல் வெளியான ஆய்வில் ஏறத்தாழ 1,000 லக்ஸ் அளவுக்கு வைத்திருந்தார்கள். நம் கூடங்களில் சாதாரணமாக அதில் கால்பங்குகூட இருக்காது. செலவில்லாத வழி: காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரையும் வராந்தாவில் உட்கார வைப்பது.

3:30க்குத் தேநீரும் தின்ன ஏதாவதும். 4லிருந்து 5 வரை கைக்கு வேலை. பலூன் அடிப்பது, குழந்தைகளின் வண்ணப் புத்தகம் எல்லாம் எனக்குப் பிடிக்காது. எண்பது வயது ஆளை அவமதிப்பது போல இருக்கும். அந்த அம்மாக்களில் பலர் துணித் தொழிற்சாலையில் வேலை செய்தவர்கள்: மடிக்க ஒரு கூடைத் துண்டு கொடுங்கள், முடிந்ததும் எடுத்துப்போய்க் கலைத்து (அவர் கண்ணெதிரில் அல்ல) திரும்பக் கொண்டு வாருங்கள். காத்ரா பீன்ஸ் உரிப்பது, கீரை ஆய்வது, பூண்டு உரிப்பது. தோட்டக்காரராக இருந்தவருக்கு மண்ணும் நாற்றும். வேகாத பயறையும் கொட்டையையும் வாயில் போடக்கூடியவரை மட்டும் பக்கத்திலேயே ஒருவர் பார்க்க வேண்டும்.

"வீட்டுக்குப் போகணும்" என்பதற்கு, "இதுதான் உங்க வீடு" என்று பதில் சொன்னால் சண்டைதான் வரும். அவர் கேட்கும் வீடு பெரும்பாலும் இப்போதைய ஃபீனிக்ஸ் வீடோ சாட்ஸ்வொர்த் வீடோ இல்லை. மேகசின் பேரக்ஸ் (பழைய நகராட்சித் தொழிலாளர் குடியிருப்பு), கேட்டோ மேனர் தகரக் கூரை வீடு, கரும்புத் தோட்டத்து லைன் வீடு. 1950ல் வந்த இனவாரிப் பகுதிச் சட்டத்தால் பெயர்த்தெறியப்பட்ட தலைமுறை இது. அந்த வீட்டுக்கு யாராலும் கூட்டிக்கொண்டு போக முடியாது. "அந்த வீட்டுல யாரெல்லாம் இருந்தாங்க? அடுப்பு எங்க இருந்துச்சு?" என்று கேட்டுக்கொண்டே கூட நடங்கள். இதற்கு, சேரும்போதே குடும்பத்திடம் ஒரு பக்க வாழ்க்கைக் குறிப்பு வாங்கியிருக்க வேண்டும்: எந்த ஊர், எந்தத் தெரு, என்ன வேலை, அம்மா அப்பாவை எப்படிக் கூப்பிடுவார், இறந்த பிள்ளை உண்டா, எந்தக் கோவில், எதற்குப் பயம். அலமாரியில் பூட்டி வைக்காமல் கட்டில் பக்கத்தில் மாட்டுங்கள். குடும்பம் மறைக்கச் சொல்லும் விஷயத்தை மட்டும் கோப்பில் வையுங்கள்.

பாட்டு நல்லது, ஆனால் எல்லாருக்கும் பொதுவாக டிவியில் நாள் முழுக்க ஓடும் பாட்டு வெறும் சத்தம். இன்று எண்பது வயது என்றால் இருபது வயதில் கேட்டது 1960களின் டி.எம்.எஸ்., சுசீலா பாட்டு. அவரவருக்கு என்று அரை மணி நேரம், தொல்லை தொடங்கும் நேரத்துக்கு முன்னால்.

இடத்தைப் பற்றிச் சுருக்கமாக: பளபளக்கும் தரை ஈரம் போலத் தெரியும், கறுப்பு மிதியடி குழி போலத் தெரியும், இரண்டையும் எடுத்துவிடுங்கள். கழிப்பறை இருக்கை வேறு நிறத்தில் இருக்கட்டும், கட்டிலில் இருந்து பார்த்தால் கழிப்பறை தெரியட்டும். வெளிவாசல் கதவுக்குச் சுவரின் நிறமே அடியுங்கள். தோட்டத்துக் கதவு பளிச்சென்று இருக்கட்டும். நடைபாதை முட்டுச்சந்தில் முடியாமல் சுற்றி வர வேண்டும். முட்டுச்சந்தில் நின்றவர்தான் கதவைத் தட்டுகிறார்.

---

சங்கப் பொறுப்பாளர்:

மிக்க நன்றி. ஆயாவை டாக்டர் பார்த்துவிட்டார்; மலம் இறுகிப் போயிருந்தது, மருத்துவம் நடக்கிறது. எடை இறங்கும் மூன்று பேருக்கும் ரசம் சாதம்தான் கொடுக்கிறோம், லேசாக இருக்குமே என்று. அது சரியா?

---

பதில் 3: மெரிபேங்க், ஸ்பீச் தெரபிஸ்ட்

சரியில்லை. விழுங்குவதில் சிக்கல் உள்ளவருக்கு ரசம் சாதம்தான் மிகக் கடினமான சாப்பாடுகளில் ஒன்று. நீர்த்த தண்ணீரும் தனித்தனிப் பருக்கையும் ஒரே வாயில் வரும். சோற்றை மெல்லும் முன்பே ரசம் தொண்டைக்கு ஓடிவிடும். சாப்பிடும்போது இருமல், சாப்பிட்ட பின் குரலில் ஈரக் கரகரப்பு, வாயில் சோற்றை ஒதுக்கி வைத்திருப்பது, அடிக்கடி நெஞ்சுச் சளி: இவற்றில் எது இருந்தாலும் விழுங்கும் திறனைச் சோதிக்க ஆள் அனுப்பச் சொல்லுங்கள். இருமல் இல்லை என்பதால் பத்திரம் என்று நினைக்க வேண்டாம். சிலருக்குச் சத்தமே இல்லாமல் நுரையீரலுக்குள் இறங்கும்.

உலகம் முழுக்க உணவுப் பதத்துக்கு ஐடிடிஎஸ்ஐ என்ற அளவுமுறை 0 முதல் 7 வரை இருக்கிறது. நம் சமையலுக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம். 4 என்பது மென்மையான கூழ்ப்பதம்: கட்டியில்லாமல் அரைத்த பருப்பு, நன்றாகக் காய்ச்சி வடிகட்டிய கெட்டிக் கஞ்சி. அம்மன் கோவில் விழாவில் ஊற்றும் மீலி (மக்காச்சோள) மாவுப் புளிச்ச கஞ்சி, வெங்காயம் போடாமல், சரியான கெட்டியில் இருந்தால் இதற்கு நன்றாகப் பொருந்தும். பல பெரியவர்கள் வேறு எதையும் தொடாத நாளிலும் இதைச் சாப்பிடுவார்கள். 5 என்பது ஈரமாக, 4 மி.மீ.க்கு மேல் போகாத துணுக்குகள்: தயிர் விட்டுக் குழைய மசித்த சாதம், அதில் தண்ணீர் பிரிந்து நிற்கக் கூடாது. 6 என்பது 1.5 செ.மீ.க்கு மேல் போகாத மெதுவான துண்டுகள்: வேகவைத்த மடும்பி (சேப்பங்கிழங்கு), பூசணி. முள்கரண்டியால் அழுத்தினால் நசுங்கி, எடுத்த பின் பழைய வடிவத்துக்குத் திரும்பாமல் இருக்க வேண்டும். உங்கள் கட்டைவிரல் நகம் வெளுக்கும் அளவு அழுத்தம் போதும்.

ரொட்டி, பிரெட், அப்பளம், முறுக்கு, வடை, தோலோடு இருக்கும் பீன்ஸ், கறிவேப்பிலை, முழு மிளகு: இவை வேண்டாம். குழம்பில் ஊறிய பன்னி சௌ (குடைந்த பிரெட்டில் குழம்பு நிரப்பியது) பிரெட் மெதுவாகத்தானே இருக்கிறது என்று குடும்பத்தினர் ஞாயிற்றுக்கிழமை வாங்கி வருவார்கள். ஊறிய பிரெட் உருண்டையாகத் திரண்டு தொண்டையை அடைக்கும். வருகைப் பதிவேட்டுப் பக்கத்திலேயே யாருக்கு எந்தப் பதம் என்று அட்டை வையுங்கள்.

90 டிகிரி நிமிர்ந்து உட்கார வைத்து, ஊட்டுகிறவரும் உட்கார்ந்து, கண் மட்டத்தில் இருந்து, அரைக் கரண்டி அளவில். விழுங்கியது தெரிந்த பிறகுதான் அடுத்த வாய். முடிந்த பின் 30 நிமிடம் படுக்க விடாதீர்கள். கையால் சாப்பிட்டுப் பழகியவர் கையில் கரண்டியைத் திணிக்க வேண்டாம். கை கழுவி, சாதத்தைத் தொட்டதும் பலருக்குத் தானாக வாய்க்குப் போகும். முடியாதபோது அவர் கையைப் பிடித்துக்கொண்டு சேர்ந்து ஊட்டுங்கள்.

வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறு கண்ணுக்குத் தெரியாது. பாஸ்டனில் 9 பேரை வைத்துச் செய்த சிறிய ஆய்வில், 2004ல், வெள்ளைக்குப் பதில் அடர் சிவப்புத் தட்டும் கோப்பையும் வைத்ததும் சாப்பாடு சராசரியாக 25 சதவீதமும் குடிப்பது 84 சதவீதமும் கூடியது. 9 பேர்தான், அதைப் பெரிதாகப் பேச மாட்டேன். ஆனால் 14 சிவப்புத் தட்டு வாங்க எவ்வளவு ஆகப்போகிறது.

எடையை வாரம் ஒருமுறை, ஒரே தராசில், ஒரே நேரத்தில். 60 கிலோ ஆள் ஒரு மாதத்தில் 3 கிலோ இழந்தால் அது 5 சதவீதம். உடனே பார்க்க வேண்டிய அளவு. தட்டைப் பெரிதாக்காமல் சத்தைக் கூட்டுங்கள்: ஒரு கப் கஞ்சிக்கு இரண்டு மேசைக்கரண்டி பால்பவுடர், ஒரு தேக்கரண்டி நெய் (சுமார் 45 கலோரி). இரவு 8 மணிக்கு ஒரு கிண்ணம் கஸ்டர்டோ பால் கஞ்சியோ. அந்தப் பதினைந்தரை மணி நேரமும் இதில் உடையும். பல் செட் பொருந்துகிறதா, வாயில் புண்ணா, வெள்ளைப் படிவமா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். புரட்டாசி விரதம், செவ்வாய் வெள்ளி சைவம் எல்லாம் மதிக்க வேண்டியவை, ஆனால் பட்டினி விரதம் இவர்களுக்கு வேண்டாம். குடும்பத்தோடு பேசிப் பால், பருப்பு, தயிர் நன்றாகச் சேர்க்கலாம்.

நோய் மிக முற்றிய நிலையில் சிலர் வயிற்றில் குழாய் வைக்கலாமா என்று கேட்பார்கள். முற்றிய டிமென்ஷியாவில் அது ஆயுளைக் கூட்டுவதாகவோ நிமோனியாவைத் தடுப்பதாகவோ காட்டப்படவில்லை. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கமும் கையால் ஊட்டுவதையே பரிந்துரைக்கிறது. இந்தப் பேச்சை நெருக்கடி வருவதற்கு முன்பே குடும்பத்தோடு பேசி எழுதி வையுங்கள்.

---

பதில் 4: ஃபீனிக்ஸ், சோஷியல் வொர்க்கர்

சட்டப் பக்கம் நான் சொல்கிறேன். 2006ஆம் ஆண்டின் 13ஆம் எண் முதியோர் சட்டம் 2010 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. இல்லம் சமூக மேம்பாட்டுத் துறையில் பதிவாகியிருக்க வேண்டும், குடியிருப்போர் கமிட்டி இருக்க வேண்டும். டிமென்ஷியா பிரிவு என்பதால் கமிட்டி வேண்டாம் என்று விடாதீர்கள். குடும்பத்தினர் அவர்கள் சார்பில் உட்காரலாம். முதியவர் துன்புறுத்தப்படுகிறார் என்று சந்தேகப்படும் எவரும் அதைத் துறைக்கோ போலீசுக்கோ தெரிவித்தாக வேண்டும். உங்கள் கமிட்டிக்குள்ளேயே "பேசி முடித்துக்கொள்வது" வழி அல்ல.

ஒருவரைச் சேர்க்க அவருடைய சம்மதம் வேண்டும். சம்மதிக்கும் நிலையில் இல்லாதபோது மட்டும், சட்டப்படி உரிமை உள்ளவர் அவருக்காகச் சம்மதிக்கலாம். அப்போதும் ஆளிடம் கேட்டு, அவர் என்ன சொன்னார் என்பதை எழுதிவைப்பது நல்ல வழக்கம்.

கட்டிப்போடுவது என்றால் கயிறு மட்டும் இல்லை. எழ முடியாதபடி மேசை பூட்டிய நாற்காலி, கட்டில் தடுப்பு, மாலை மருந்து எல்லாமே அதுதான். கட்டில் தடுப்பை ஏறிக் குதிக்கிறவர் இன்னும் உயரத்தில் இருந்து விழுவார். தாழ்ந்த கட்டிலும் பக்கத்தில் மெத்தையும் வையுங்கள்.

குடும்பங்கள் எப்போதும் தடுக்கி விழும் இடம் பணம். "அப்பா எனக்குப் பவர் ஆஃப் அட்டர்னி கொடுத்திருக்கிறார்" என்று மகன் காகிதம் காட்டுவார். தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் கொடுத்தவர் புத்தித்தெளிவை இழந்ததும் அந்தக் காகிதம் செல்லாது; பிற நாடுகளில் இருப்பது போலத் தொடரும் வகை இங்கே கிடையாது. மகன் கையெழுத்தில் தொடர்ந்து பணம் எடுப்பது, வீட்டை விற்பது எல்லாம் பின்னால் சிக்கலாகும். இரண்டு வழி உண்டு. உயர் நீதிமன்றத்தில் க்யூரேட்டர் (அவர் சொத்தைப் பார்த்துக்கொள்பவர்) நியமிக்கச் சொல்லிக் கேட்பது, செலவு அதிகம். அல்லது 2002ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி உயர் நீதிமன்ற மாஸ்டர் அலுவலகத்தில் அட்மினிஸ்ட்ரேட்டர் நியமிக்க விண்ணப்பிப்பது, சிறிய சொத்துக்கு இது போதும். நோய் இப்போதுதான் ஆரம்பம் என்றால் உயிலையும் மருத்துவ விருப்பங்களையும் இப்போதே, டாக்டரின் மதிப்பீட்டுக் கடிதத்தோடு எழுதி முடிக்கச் சொல்லுங்கள்.

60 வயது நிரம்பி சாசா (அரசின் சமூகப் பாதுகாப்பு முகமை) முதியோர் உதவித்தொகை பெறுகிறவருக்கு, முழு நேரமும் இன்னொருவர் கவனிப்புத் தேவைப்பட்டால், கிராண்ட்-இன்-எய்ட் என்று கூடுதல் தொகை கேட்கலாம். அரசு மானியம் பெறும் இல்லத்தில் இருப்பவருக்கு அது கிடைக்காது. வீட்டில் வைத்திருந்து சேர்க்கும் குடும்பத்துக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் மாதக் கட்டணத்தில் தகராறு வரும்.

பெரியவர்கள் அழுவதைப் படம் பிடித்து வாட்ஸ்ஆப் குழுவில் போடும் ஊழியர்களையும் உறவினர்களையும் உடனே நிறுத்துங்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது.

---

பதில் 5: சாட்ஸ்வொர்த், இரவு மேற்பார்வை

மற்றவர்கள் தொடாத இரண்டைச் சொல்கிறேன், ஒன்றில் வெருலம் தம்பியோடு கொஞ்சம் முரண்படவும் செய்கிறேன். கூட நடந்து பேசுங்கள் என்கிறார். மாலை 4 மணிக்கு மூன்று பேரில் ஒருவர் கழிப்பறையில், ஒருவர் சமையலறையில் தட்டு எடுக்க. உம்லாசி, குவாமாஷுவில் இருந்து மினிபஸ் டாக்ஸியில் வருகிறவர்கள் இருட்டுவதற்குள் கிளம்பப் பார்ப்பார்கள், மழை நாளில் இன்னும் முன்னால். கூட நடக்க ஆள் எங்கே? ஆகவே முதலில் கமிட்டி பணம் ஒதுக்கி, 3 முதல் 8 வரை ஒரே ஒருவரைக் கூடுதலாகப் போடட்டும். முழு ஷிஃப்ட் தேவையில்லை. இந்த ஐந்து மணி நேரத்தில் தேநீர், கை வேலை, இரவுச் சாப்பாடு, படுக்கை எல்லாம் அடங்கும். இரவுச் சாப்பாட்டையும் 5:30க்குத் தள்ளலாம்.

மொழிக்கு: கட்டில் தலைமாட்டில், ஜூலு பேசுகிறவர் வாசிக்கும் எழுத்தில், பத்தே பத்து சொல். வா, உட்காரு, தண்ணி, சாப்பாடு, வலி, ஒண்ணுக்கு, குளிர், போதும், பயப்படாதே, நான் இருக்கேன். குரலைக் குடும்பத்தில் ஒருவர் போனில் பதிந்து கொடுத்தால் உச்சரிப்பு வரும். "ஒண்ணுக்கு" புரியாததால் நடந்த கலவரம் எத்தனையோ. எழுந்து நடக்கிறவரை உட்கார வைக்கும் முன் கழிப்பறைக்குக் கூட்டிப் போங்கள்.

செத்துப்போன அப்பாவைத் தேடுகிறவரிடம் ஒவ்வொரு முறையும் "அப்பா செத்துட்டார்" என்றால் ஒவ்வொரு முறையும் புதிதாக இழவு. அதைச் சொல்ல வேண்டாம். "இதோ வந்துடுவார்" என்று நாள்தோறும் பொய்யும் வேண்டாம். காத்திருந்து கதவடியில் நிற்பார். "அப்பா நினைப்பு வந்துடுச்சா? என்ன வேலை செஞ்சார்?" போதும்.

விளக்கு ஏற்ற ஆசைப்படுகிறவருக்கு பேட்டரி விளக்கு. கற்பூரம் பூசை அறையில், ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். ஆக்சிஜன் வைத்திருக்கும் அறையில் எந்த நெருப்பும் கூடாது. நெற்றிக்கு விபூதியும் குங்குமமும் காலையிலேயே வைத்துவிட்டால் பலர் அன்று நல்லபடியாக இருப்பார்கள்.

கடைசியாகக் கதவு. காந்தப் பூட்டு போட்டிருந்தால் கரண்ட் போனதும் அது திறந்துகொள்ளும். தீ விபத்துக்காக அப்படித்தான் இருக்க வேண்டும். அதனால் மின்வெட்டு நேரத்தில் பேட்டரி அலாரம் ஒன்று கதவில் தனியாக வேண்டும், இரவு ஊழியரில் ஒருவர் அங்கேயே உட்கார வேண்டும். நடைபாதையிலும் கழிப்பறையிலும் தானாக எரியும் அவசர விளக்கு. 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு டோங்காட்டில் மாதக்கணக்கில் குழாய்த் தண்ணீர் இல்லை என்பது நினைவிருக்கும். படுக்கை நனைப்பவர்கள் உள்ள பிரிவில் தொட்டி நிரம்பியிருக்கிறதா என்று வாரா வாரம் பாருங்கள்.

ஒருவர் வெளியே போய்விட்டால்: முதல் 10 நிமிடம் கட்டிடம், அலமாரி, தோட்டம், கார் நிறுத்தும் இடம் எல்லாம் தேடுங்கள். கிடைக்காவிட்டால் உடனே போலீசின் 10111 எண்ணுக்குப் போன் செய்யுங்கள். 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது தவறான நம்பிக்கை. அன்றைய உடை நிறம், புகைப்படம், எந்தப் பழைய முகவரிக்குப் போவார் என்பது, எந்த மொழியில் கூப்பிட்டால் திரும்புவார் என்பது, இவ்வளவும் ஒரே தாளில், நர்ஸ் மேசை டிராயரில், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக இப்போதே தயாராக இருக்கட்டும்.